உறவுமுறை

தொரப்பாடி மத்திய சிறை வாசலில்
முதல்நாள் கையெழுத்துப் போட்டபோது
பதிவேட்டில் ஐந்தாவது கட்டம்:
கைதிக்கு உறவுமுறை.
விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.
ஏட்டு முனிரத்தினம் விரலை வைத்துத் தடுத்தார்.
"காலியா வுட்டா ஆடிட்டுல கேப்பாங்கம்மா.
இன்னாவது எழுது."

ஊழியம் என்று எழுதினேன்.
அது உறவு இல்லை என்று
எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.
கதவு திறந்தது.

பையில் சுவிசேஷப் பிரதிகள் நாற்பது.
வேலூர் மே மாதம்.
பகலெல்லாம் வெயிலை வாங்கி
ராத்திரி உள்ளிருப்பவர்மேல் கக்குகிற சுவர்.

துளுக்காணம் பிரதியை வாங்கிப் புரட்டி
என்னிடமே திருப்பி நீட்டினான்.
"எழுத்து தெரியாது மேடம்.
அணைக்கட்டு பக்கம் போவியா?
எங்க மாடு சினையா கீது.
கன்னு போட்டுச்சான்னு பாத்துச் சொல்றியா?"

போனேன்.
கிடேரி. நெற்றியில் வெள்ளைச் சுட்டி.
மாடும் கன்றும் அண்ணன் கொட்டகையில்.
அவன் வீட்டில் பெண்சாதி இல்லை,
பூட்டு புதிது.
திரும்பி வந்து
கன்றைப் பற்றி மட்டும் சொன்னேன்.
சுட்டி எவ்வளவு பெரிசு என்று
இரண்டு தடவை கேட்டான்.
வேறெதையும் கேட்கவில்லை.

அவனுக்கு ஜாமீன் கிடைத்து
அப்போதே ஏழு மாதம்.
கிடைத்தவன் ஏன் உள்ளே இருக்கிறான்?
சபையில் கேட்டார்கள்.
இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும்,
சொந்த வீடுள்ள இரண்டு பேர்,
வரி ரசீதோடு.
"ரசீதைக் கரையான் அரிச்சிடுச்சு"
என்றான் அண்ணன்காரன்,
கன்றைத் தடவிக்கொண்டே.
கரையான் அரிக்காத ரசீதைத் தேடி
அல்லேரி மலைவரை ஏறினேன்.

அதிலிருந்து ஜெபம் குறைந்து மனு கூடியது.
போதகர் வருத்தப்பட்டார்.
சத்துவாச்சாரி கோர்ட் வராந்தாவில்
எந்த ஃபேன் ஓடும், எது சத்தம் மட்டும் போடும்,
எந்த குமாஸ்தா டீக்கு மசிவார்,
எவர் அதற்கும் மசியமாட்டார்,
இதுதான் இருபத்தாறு வருஷத்தில் நான் படித்த வேதாகமம்
என்று ஒருநாள் அவரிடம் சொல்லியும் விட்டேன்.

ஐந்தாவது கட்டத்தில்
தொண்டு, சமூகப் பணி, சட்ட உதவி
என்று மாறிமாறி எழுதியாயிற்று.
களைத்துப் போன ஒரு வெள்ளிக்கிழமை
பெரியம்மா என்று எழுதினேன்.
முனிரத்தினம் படித்தார்.
சிரிக்கவில்லை.

இவற்றை மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள்.
பள்ளிகொண்டா பச்சையம்மாளைச் சொல்வதில்லை.
நான் மனு எழுதி வெளியே எடுத்த ஒருவன்
எட்டே வாரத்தில் அவள் மகனை
அந்த வினைச்சொல்லை இன்னும் எழுத வரவில்லை.

போய் நின்றேன்.
வா என்கவில்லை, போ என்றும்.
காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துத்
தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.
"அவனுக்கு நீ போட்ட கையெழுத்து
எப்டி கீதுன்னு பாக்கணும்.
போடு."
போட்டேன்.
படிக்கத் தெரியாத கண்ணால்
வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்,
"இத்தினிதானா?"

அடுத்த வாரம் பேனா எடுத்தேன், கை ஓடவில்லை.
அதற்கடுத்த வாரம் ஓடியது.
ஏன் என்று கேட்காதீர்கள்.

இப்போது பதிவேடு இல்லை.
கேமராவைப் பார்க்க வேண்டும்,
கட்டைவிரலை வைக்க வேண்டும்.
ரேகை தேய்ந்துவிட்டது;
புடவையில் மூன்று தரம் துடைத்துத் துடைத்து வைத்தேன்.
வேலைக்குப் புதிதாய் வந்த காவலர் பெண்
திரையில் பட்டியலை இறக்கினாள்:
தாய், தகப்பன், மனைவி, மகன், வழக்கறிஞர்.
"அவருக்கு நீங்க இன்னா வேணும்மா?"
வாயைத் திறந்தேன்.
எனக்குப் பின்னால் வரிசை நீளம்.
அவளே கடைசி வரியை அழுத்தினாள்:
மற்றவை.

பையைக் கொட்டிக் காட்டச் சொன்னாள்.
ரேஷன் அட்டை நகல் ஒன்று,
வரி ரசீது இரண்டு,
நாலாம் பிளாக்கில் ஒருவருக்கு
காட்பாடி ஸ்டேஷன் வாசலில் வாங்கிய
மூக்குக் கண்ணாடி.
பவர் சரியாக இருக்குமா
தெரியவில்லை.